தன்னைப் பற்றி ஒரு பக்கம்

ரெஸ்யூமே என்பதற்குத் தமிழில் 'தற்குறிப்பு' என்று எழுதுகிறார்கள். தன்விவரக் குறிப்பு என்றும் சொல்வதுண்டு. எனக்கு முதற்சொல்தான் பிடிக்கும். அந்தச் சொல்லுக்கு வாய்த்திருக்கும் அண்டை வீட்டார் அப்படி. ஒருபக்கம் 'தற்குறி'. கையெழுத்திடத் தெரியாமல் கீறல் வைப்பவரைக் குறித்த சொல், நாளடைவில் படிப்பறிவில்லாதவருக்கான வசையாகவே ஆகிவிட்டது. மறுபக்கம் 'தற்குறிப்பேற்றம்'. இயல்பாக நடப்பதன்மேல் கவிஞன் தன் எண்ணத்தை ஏற்றிச் சொல்லும் அணி. மதுரைக் கோட்டையின் கொடிகள் காற்றில் அசைந்ததை, கோவலனையும் கண்ணகியையும் வரவேண்டாமென்று கைகாட்டித் தடுத்ததாக இளங்கோவடிகள் கண்டதைப் பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம்.

என்னிடம் வந்த தற்குறிப்புகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றாகவே இருந்திருக்கின்றன. பெயரையும் முகவரியையும் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் கீறல். இல்லையென்றால், அசைந்த கொடிக்கெல்லாம் காரணம் கற்பிக்கும் அலங்காரம். இரண்டுக்கும் நடுவே தற்குறிப்பு என்று ஒன்று எழுத முடியுமா என்பதுதான் இக்கட்டுரை.

தமிழ் இலக்கியம் கற்பிப்பவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடைப்பட்ட பகுதியில் உள்ள கல்லூரி எங்களுடையது. பி.ஏ. தமிழ் முடித்தவர்களில் பி.எட்., எம்.ஏ. என்று தொடர்பவர்கள் சிலர்தான். மற்றவர்கள் சூப்பர் மார்க்கெட், துணிக்கடை, மருந்துக்கடை, உணவகம் என்று போகிறார்கள். படிக்கும்போதே பிற்பகல் ஷிஃப்ட்டுக்குப் போகிறவர்களும் உண்டு. நான்கைந்து ஆண்டுகள் கழித்து, கடையில் ஒரு நாற்காலி மேலே போக வேண்டும் என்ற ஆசை வரும்போது, ஒரு தாளை எடுத்துக்கொண்டு வருகிறார்கள். "ஐயா, கொஞ்சம் பாத்துக் குடுங்க." இப்படிப் பார்த்துக் கொடுத்தே பதினைந்து ஆண்டுகள் ஓடிவிட்டன. இடையில் கடை மேலாளர்கள் சிலரிடம் உட்கார்ந்து, இந்தத் தாள்களை அவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்றும் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

இந்தப் பகுதியின் வரலாற்றைக் கொஞ்சம் நினைத்துப் பார்த்தால் சிக்கல் எங்கிருந்து வருகிறது என்பது புரியும். 1949இல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ், 1964இல் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டை, 1960களில் டாங்கிகள் செய்யத் தொடங்கிய ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை ஆகியவற்றைச் சுற்றி வளர்ந்த ஊர்கள் இவை. எங்கள் தந்தையர் தலைமுறையில் வேலை தேடியவருக்குத் தன்னைப் பற்றிச் சொல்ல ஒரு சொல் போதும். ஃபிட்டர், டர்னர், வெல்டர். அந்தச் சொல்லுக்குள் ஐ.டி.ஐ.யில் படித்த படிப்பும், கைபழகிய எந்திரமும், வாங்கக்கூடிய சம்பளமும் அடங்கியிருந்தன. கேட்பவருக்கும் புரியும், சொல்பவருக்கும் கூச்சமில்லை.

கடை வேலைக்கு அப்படி ஒரு பெயர் இல்லை. சென்னையில் நவீனச் சங்கிலிக் கடைகள் வரத்தொடங்கியது 1990களில்தான். 1996இல் ஃபுட்வேர்ல்ட், 1997இல் திருவான்மியூரில் சுபிக்‌ஷா. பிறகு ஊருக்கு நாலு, தெருவுக்கு ஒன்று. பில் போடுபவர், அடுக்குபவர், இருப்பு பார்ப்பவர், எல்லாரையும் வைத்து வேலை வாங்குபவர் ஆகிய அனைவரும் வீட்டிலும் ஊரிலும் 'கடையில வேலை செய்யறாங்க' என்ற ஒரே வாக்கியத்துக்குள் அடங்கிவிடுகிறார்கள். பெயர் இல்லாத தொழிலை விவரித்துத்தான் சொல்லியாக வேண்டும். விவரிக்கத் தெரியாதவர்கள் நிறுவனத்தின் பெயரை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். நாடு முழுவதும் கிளை பரப்பிய சுபிக்‌ஷா 2009இல் மூடப்பட்டது. நிறுவனத்தின் பெயர்தான் தகுதி என்றால், கதவு சாத்தப்படும் நாளில் தகுதியும் உள்ளே மாட்டிக்கொண்டுவிடும்.

பொதுவாகப் பேசுவதைவிட ஒருவரின் தாளை வைத்துப் பேசுவது நல்லது. 2024இல் பழைய மாணவி ஒருவர் வந்திருந்தார். 2017இல் இந்தப் பகுதியில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பில் கவுன்டரில் சேர்ந்து, தளப் பொறுப்பாளராக உயர்ந்து, ஆறு ஆண்டுகள் வேலை பார்த்தவர். இடையில் மேலாளர் விலகிப்போய் ஏழு மாதம் புது மேலாளர் வரவில்லை; அந்த ஏழு மாதமும் பதவிப் பெயர் இல்லாமலே கடையை நடத்தியவர் இவர். பிறகு தாயாரின் நோய்க்காக வேலையை விட்டு, பதினோரு மாதம் வீட்டில் இருந்தார். இப்போது வேறொரு நிறுவனத்தில் உதவி மேலாளர் பணிக்கு விண்ணப்பிக்க வேண்டும். பழைய கடையில் அனுபவச் சான்றிதழ் கேட்டு மூன்று முறை நடந்தும் கிடைக்கவில்லை.

அவர் கொண்டுவந்த தாள் ஜெராக்ஸ் கடையில் தட்டச்சு செய்தது. தலையில் நான்கு வரி ஆங்கிலத்தில் ஒரு 'குறிக்கோள்': சவாலான சூழலில் பணியாற்றி நிறுவனத்தின் வளர்ச்சிக்கும் தன் வளர்ச்சிக்கும் பாடுபடுவது என்று. இதே நான்கு வரிகளை எத்தனையோ பேரின் தாள்களில் படித்திருக்கிறேன். அடுத்து தந்தை பெயர், பிறந்த தேதி, மதம், திருமணமானவரா என்ற விவரம். திருமணத் தரகரிடம் கொடுக்கும் பயோடேட்டாவும் வேலைக்குக் கொடுக்கும் பயோடேட்டாவும் நம் ஊரில் ஒரே வயிற்றில் பிறந்தவை. மூத்ததன் சாயல் இளையதில் இன்னும் போகவில்லை. பிறகு பொழுதுபோக்கு. கடைசியில், மேற்கண்ட அனைத்தும் உண்மை என்ற உறுதிமொழி. இவற்றுக்கு நடுவே ஒரே ஒரு வரி: சூப்பர் மார்க்கெட்டில் ஆறு ஆண்டு அனுபவம்.

"காலையில கடைக்குப் போனதும் என்னம்மா செய்வ?" என்று கேட்டேன்.

"எல்லாம் பாத்துப்பேன் ஐயா."

"எல்லாம்னா?"

"எல்லாமேதான் ஐயா. கடையப் பாத்துப்பேன்."

'பார்த்துக்கொள்' என்ற வினையைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். வீட்டைப் பார்த்துக்கொள்ளுதல், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுதல், நோயாளியைப் பார்த்துக்கொள்ளுதல் என்று, ஓயாத உழைப்பு எதுவோ அதற்கெல்லாம் தமிழ் இந்த ஒரே வினையைக் கொடுத்து வைத்திருக்கிறது. வேலை அத்தனையும் உள்ளே இருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. குறிப்பாகப் பெண்கள் தங்கள் உழைப்பைச் சொல்ல இதற்குமேல் ஒரு சொல்லைத் தேடுவதே இல்லை. தற்குறிப்பு எழுதுவதன் முதல் வேலை, இந்த வினையை உடைத்து உள்ளே இருக்கும் வினைகளை வெளியே எடுப்பதுதான்.

ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டே இருந்தேன். ஏழரைக்கு வரும் பால் டிரேக்களை எண்ணி இறக்குவது. கவுன்டர்களுக்குச் சில்லறை பிரித்துக் கொடுப்பது. பன்னிரண்டு பேரில் அன்று யார் வரவில்லை என்று பார்த்து ஆளை மாற்றிப் போடுவது. காலாவதி நெருங்கும் பொருள்களுக்கு மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி ரேக்கின் முன்னால் கொண்டுவருவது, விற்காதவற்றை விநியோகஸ்தர் திருப்பி எடுத்துக்கொள்ளும் கெடு முடிவதற்குள் ஏற்றி அனுப்புவது. இதை இவர் கையில் எடுப்பதற்கு முன் மாதம் பதினெட்டாயிரம் ரூபாய்க்குக் காலாவதிச் சரக்கு குப்பைக்குப் போயிருக்கிறது. ஓர் ஆண்டில் அது ஏழாயிரத்துக்கு இறங்கியிருக்கிறது. இரவு நான்கு கவுன்டர்களின் பணத்தையும் கணக்கோடு ஒத்துப் பார்த்துப் பூட்டுவது.

மேலும் கிளறினால், ஊரின் வரலாறே வந்தது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. அமலானபோது பழைய இருப்புக்கெல்லாம் புதிய வரியை ஏற்றிச் சரிபார்த்த இரவுகள். 2020 மே மாதம் கோயம்பேடு சந்தை மூடப்பட்டு, பூந்தமல்லியை அடுத்த திருமழிசைக்குத் தற்காலிகமாக மாற்றப்பட்டபோது, விடியுமுன் வண்டியை அங்கே அனுப்பிக் காய்கறி வரத்து ஒருநாளும் நிற்காமல் பார்த்துக்கொண்டது. (மறுபடியும் 'பார்த்துக்கொண்டது'!) பல மணி நேரம் நின்றபடியே வேலை செய்த பெண்களுக்காக, 2021இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் இருக்கை வசதியைக் கட்டாயமாக்கும் திருத்தம் வந்தபின், முக்காலிகளைக் கேட்டு வாங்கிப் போடச் செய்தது.

"இதெல்லாம் ஏம்மா எழுதல?"

"என் வேலையத்தான ஐயா செஞ்சேன்? அதப்போய் எழுதினா, பெருமை அடிச்சுக்கற மாதிரி இருக்காதா?"

இந்தக் கூச்சத்தை நான் எளிதாகத் தள்ளிவிடமாட்டேன். நல்ல வளர்ப்பில் வருவது அது. கம்பனே அவையடக்கம் பாடிவிட்டுத்தான் காவியத்துக்குள் போகிறான். தற்புகழ்ச்சியை இழிவென்று சொல்லிச் சொல்லியே நம்மை வளர்த்திருக்கிறார்கள். ஆனால் இதே மரபு வேறொன்றும் சொல்லியிருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலின் பாயிரப் பகுதியில் அடுத்தடுத்து இரண்டு நூற்பாக்கள் வருகின்றன. முதல் நூற்பா, யாரும் செய்யாத நூலைச் செய்து முடித்தவனாயினும் தன்னைத் தானே புகழ்தல் தகுதியன்று என்கிறது. அடுத்தது விதிவிலக்கு. நான்கு இடங்களில் புலவன் தன்னைப் புகழலாம்: அரசனின் அவைக்கு ஓலை எழுதும்போது; தன் ஆற்றலை அறியாதவர்கள் நடுவில்; அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய வேளையில்; எதிரி தன்னைப் பழிக்கும்போது.

முதல் இரண்டையும் கவனியுங்கள். அரசவைக்கு எழுதும் ஓலை. தன்னை அறியாதவர் நடுவே. வேலைக்கு விண்ணப்பிக்கும் தாளில் இந்த இரண்டு நிபந்தனைகளும் ஒன்றாக நிறைவேறுகின்றன. எழுநூறு, எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே இலக்கணம் அனுமதி கொடுத்துவிட்டது. மாணவியிடம் இதைச் சொன்னபோது சிரித்துவிட்டு, "இது பரீட்சைக்கு எழுதினதுதான ஐயா" என்றார். பரீட்சைக்கு எழுதியதை வாழ்க்கைக்கு எடுத்துக்கொள்வதுதானே பி.ஏ. தமிழ்.

அதன்பிறகு எழுதினோம். முதலில் தமிழில், பிறகு ஆங்கிலத்தில். இந்த வரிசை முக்கியம் என்று நினைக்கிறேன். நேரே ஆங்கிலத்தில் தொடங்கினால் கைக்கு வருவது ஜெராக்ஸ் கடை வாக்கியங்கள்தான். தாய்மொழியில் 'என்ன செய்தேன், எத்தனை, எப்போது, அதனால் என்ன ஆயிற்று' என்று எழுதிவிட்டால், எளிய ஆங்கிலத்தில் அதைச் சொல்வது கடினமில்லை. மேலே, விண்ணப்பிக்கும் பதவியும் மூன்று வரிச் சுருக்கமும். அடுத்து பணி அனுபவம், அண்மையது முதலில். ஒவ்வொரு வரியும் ஒரு வினையில் தொடங்கி ஓர் எண்ணில் முடியட்டும் என்றேன். 'நல்ல தலைமைப் பண்பு உண்டு' என்பது தற்குறிப்பேற்றம். 'பன்னிரண்டு பேருக்கு வாராந்திர ஷிஃப்ட் அட்டவணை தயாரித்தேன்' என்பது தற்குறிப்பு. பிறகு கல்வி, தெரிந்த மென்பொருள், மொழிகள். மதம், தந்தை பெயர், மணவிவரம், பொழுதுபோக்கு ஆகியவற்றுக்கு இங்கே இடமில்லை. ஒரே பக்கம். பெரிய நிறுவனங்களில் இந்தத் தாளை முதலில் படிப்பது மென்பொருளாகவும் இருக்கலாம் என்பதால், விளம்பரத்தில் அவர்கள் வேலையைக் குறித்த சொற்களை, நாம் உண்மையில் செய்த வேலைக்குப் பொருந்தும் இடத்தில், அப்படியே ஆளலாம்.

படிப்பவருக்கு எது தேவையோ அதுதான் முன்னே வர வேண்டும். 1482ஆம் ஆண்டையொட்டி லியோனார்டோ டாவின்சி, மிலான் நகரை ஆண்ட லுடோவிகோ ஸ்ஃபோர்சாவுக்கு வேலை கேட்டு எழுதிய கடிதம் ஒன்றுண்டு. எடுத்துச்செல்லத்தக்க பாலங்கள், முற்றுகைக் கருவிகள், பீரங்கிகள், மூடிய போர் வண்டிகள் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்து, ஓவியம் தீட்டுவேன் என்பதைக் கடைசியில்தான் சொல்கிறார். உலகம் அவரை எதற்காக நினைவில் வைத்திருக்கிறதோ அது கடைசி வரி. போர்ச்சூழலில் இருந்த ஆட்சியாளனுக்கு முதலில் வேண்டியது பாலம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. என் மாணவியின் தாளில் காலாவதிச் சரக்கு முதல் வரிக்கு வந்தது இப்படித்தான். கடை மேலாளரின் தூக்கத்தைக் கெடுப்பவை விற்பனை இலக்கு, இருப்புக் குறைவு, ஆள் நிற்காமை என்ற மூன்றும்தான். அவற்றில் எதையாவது குறைத்தவர் என்று தெரிந்தால் தாளைக் கீழே வைக்கமாட்டார்.

உணவகத்துக்கு எழுதுகிறவர்களுக்குக் கணக்குகள் வேறு. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஓர் உணவகத்தில் சப்ளையராகச் சேர்ந்து சூப்பர்வைசரான மாணவர் ஒருவருக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மதியத்துக்கு எத்தனை இலை, ஞாயிறன்று எத்தனை. விற்பனையில் மூலப்பொருள் செலவு எத்தனை சதவீதம். சரக்கு மாஸ்டர் திடீரென்று வராத நாளில் என்ன செய்தார். செயலி வழியே வரும் ஆர்டர் எத்தனை நிமிடத்தில் பொட்டலமாகிறது. இரவில் எவ்வளவு சாம்பார் கொட்டப்படுகிறது. உணவுப் பாதுகாப்புத் தர ஆணையத்தின் ஏற்பாட்டின்படி, உணவைக் கையாளும் இருபத்தைந்து பேருக்கு ஒருவராவது பயிற்சி பெற்ற மேற்பார்வையாளராக இருக்க வேண்டும். அந்தப் பயிற்சிச் சான்றிதழ் அவரிடம் இருந்தது. வீட்டுப் பெட்டியில் வைத்திருந்தார். தாளில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

எழுதக்கூடாதவற்றையும் சொல்ல வேண்டும். காலாவதி இழப்பு குறைந்த கணக்கை எழுதும்போது மாணவி பேனாவை நிறுத்தினார். "முழுசும் நான் மட்டும் இல்ல ஐயா. ஸ்டோர்ல இருந்த ரெண்டு அக்காங்கதான் தேதி தேதியாப் பாத்து எடுத்து வெச்சாங்க." சோழ மன்னர்களின் மெய்க்கீர்த்திகள் ஆட்சியாண்டு ஏற ஏறப் புதிய வெற்றிகளைச் சேர்த்துக்கொண்டு நீளும். ஒருவகையில் அவை கல்லில் வெட்டிய தற்குறிப்புகள்தாம். ஆனால் அந்தக் கடல்களைத் தாண்டிய படகோட்டியின் பெயர் அவற்றில் இல்லை. 'மூவர் குழுவை வழிநடத்தி' என்று எழுதினோம். உண்மையும் கெடவில்லை, தகுதியும் குறையவில்லை. குழுவை வைத்து வேலை வாங்கத் தெரிந்தவர் என்பது மேலாளர் பணிக்கு இன்னும் வலுவான சொல். பதவிப் பெயர் இல்லாத ஏழு மாதத்துக்கும் 'மேலாளர்' என்று போடவில்லை. 'மேலாளர் பணியிடம் காலியாக இருந்த ஏழு மாதங்கள் கடையின் அன்றாடப் பொறுப்பு முழுவதையும் ஏற்றேன்' என்றே எழுதினோம்.

பதினோரு மாத இடைவெளியை மறைக்கத் தேதிகளை நீட்டலாம் என்று யாரோ அவருக்கு யோசனை சொல்லியிருந்தார்கள். வேண்டாம் என்றேன். வருங்கால வைப்பு நிதியின் யு.ஏ.என். கணக்கில் எந்த நிறுவனத்தில் எந்த நாள் சேர்ந்தார், எந்த நாள் விலகினார் என்பது பதிவாகியிருக்கும். பொய் அரை நிமிடத்தில் வெளிப்படும். அதே பதிவுதான் அனுபவச் சான்றிதழ் கிடைக்காதவருக்குக் கை கொடுப்பதும். அந்தப் பக்கத்தையும் கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டையும் எடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னேன். இடைவெளிக்கு ஒரே வரி: 'குடும்பத்தினரின் மருத்துவத்துக்காக விடுபட்ட காலம், இப்போது முழுநேரப் பணிக்குத் தயார்.' அதில் வெட்கப்படவோ விளக்கம் சொல்லவோ ஒன்றுமில்லை.

இரண்டு நிறுவனங்கள் பதிலே போடவில்லை. மூன்றாவது அழைத்தது. நேர்காணலில் பெரும்பகுதி நேரம் அந்தக் காலாவதி வரியைப் பற்றியே கேட்டார்களாம். எந்தப் பொருளில் இழப்பு அதிகம், விநியோகஸ்தர் மறுத்தால் என்ன செய்வீர்கள் என்று. தான் செய்ததைச் சொல்வதால் திக்கவில்லை என்றார். வேலை கிடைத்தது. பழைய கடைக்கு அது பக்கம்தான், சம்பளம்தான் வேறு.

புறநானூற்றில் பெருஞ்சித்திரனார் என்ற புலவர், அதியமான் நெடுமான் அஞ்சி தன்னைக் காணாமலே கொடுத்தனுப்பிய பரிசிலை வாங்க மறுக்கிறார். பார்க்காமல் கொடுப்பதை வாங்கிப்போக நான் வணிகனில்லை. என் தகுதியின் அளவை அறிந்து கொடுத்தால் தினையளவு கொடுத்தாலும் போதும் என்பது அவர் வாதம். வறுமையில் வாடிய புலவர் அவர் என்பதை மற்றப் பாடல்கள் சொல்கின்றன. பரிசிலை வேண்டாமென்று தள்ளும் நிலையில் என் மாணவர்கள் யாரும் இல்லை. ஆனால் அந்தக் கோரிக்கை அவர்களுக்கும் உண்டு: என்னைக் கண்டுவிட்டு, அளந்துவிட்டுச் சொல்லுங்கள். நூறு தாள்களுக்கு நடுவே சில விநாடிகளே கிடைக்கும் ஒரு பக்கத்தில், காணும்படி நம்மை வைப்பது நம் வேலை. நின்று காண்பது எதிரே இருப்பவர் வேலை.

சென்ற மாதம் அந்த மாணவி தொலைபேசியில் பேசினார். பில் கவுன்டருக்கு ஆள் எடுக்கும் பொறுப்பு இப்போது அவருடையது. மேசையில் நாற்பது தாள்கள். நாற்பதிலும் அதே குறிக்கோள், அதே உறுதிமொழி.

"என்னம்மா செய்யற அதையெல்லாம்?"

"ஒவ்வொருத்தரையா கூப்பிட்டு, காலையில கடைக்குப் போனதும் என்ன செய்வீங்கன்னு கேக்கறேன் ஐயா. எல்லாம் பாத்துப்பேன்னுதான் சொல்றாங்க. அதுக்கு அப்புறந்தான் நான் கேக்கவே ஆரம்பிக்கறேன்."